40 லட்சம் அல்ல, 11 லட்சம்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் பற்றிய கட்டுரை, அங்கே 40 லட்சம் பேர் கொல்லப்பட்டதாகச் சொல்கிறது. அது 1945இல் சோவியத் விசாரணைக் குழு போட்ட கணக்கு. முகாம் அருங்காட்சியக வரலாற்றாளர் பிரான்சிஷேக் பீப்பர், ரயில்களில் கொண்டுவரப்பட்டவர்களை நாடுவாரியாக எண்ணிப் பார்த்து, இறந்தோர் சுமார் 11 லட்சம், அதில் யூதர்கள் ஏறக்குறைய 9.6 லட்சம் என்று காட்டினார். நினைவுக் கல்வெட்டுகூட மாற்றப்பட்டுவிட்டது.

சரி, அப்படியானால் நாஜிகள் கொன்ற யூதர்கள் 60 லட்சம் என்ற மொத்தமும் குறைய வேண்டுமே என்று, யூதப் படுகொலையை மறுப்பவர்கள் கிளம்புவார்கள். இந்த ஓட்டையைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். மொத்தக் கணக்கு அந்த 40 லட்சத்தை நம்பிப் போடப்பட்டதே இல்லை. வரலாற்றாளர் ரவுல் ஹில்பெர்க் 1961இலேயே ஆஷ்விட்ஸில் இறந்த யூதர்கள் 10 லட்சம், மொத்தம் 51 லட்சம் என்று எழுதிவிட்டார். ஆய்வாளர்கள் வாதிடுவது பெரும்பாலும் 51 லட்சத்துக்கும் சுமார் 60 லட்சத்துக்கும் இடையில்தான்.

திருத்தத்தை அதே பக்கத்தில், கண்ணில் படும்படி போடுங்கள்.

– வாசகர், மதுரை