சோளக்கதிர் விற்பவரும் நம் ஒன்பது மாவும்

புளூமிங்டன், இல்லினாய்

அன்புள்ள சேகர்,

சம்பாவுக்கு நாற்று விட்டாச்சு என்று நீ எழுதியதைப் படித்ததும் ஊருக்கு ஒரு நடை வந்துபோன மாதிரி இருந்தது. இங்கேயும் ஊரைத் தாண்டினால் வயல்தான். மக்காச்சோளம், விட்டால் சோயா. எங்கள் மெக்லீன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அமெரிக்காவிலேயே மக்காச்சோளம் அதிகம் விளையும் இடங்களில் ஒன்று.

போன வாரம் ஒரு வேண்டாத வேலை செய்தேன். இங்கே எந்த விவசாயிக்கு அரசு மானியம் எவ்வளவு போனது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு தன்னார்வ அமைப்பு அரசிடம் கணக்கைக் கேட்டு வாங்கி, கவுண்டி வாரியாகப் பெயரும் தொகையும் போட்டிருக்கிறது. (பயிர்க் காப்பீட்டு மானியத்துக்கு மட்டும் பெயர் கிடையாது; வெளியிடச் சட்டம் விடாது.) சனிக்கிழமைச் சந்தையில் எனக்குக் கதிர் விற்கும் பெரியவரின் பெயரைத் தட்டினேன். வருஷவாரியாக வந்து நின்றது. அடுத்தவர் பாஸ்புக்கைப் பிரித்துவிட்ட மாதிரி கூசிப்போய் உடனே மூடிவிட்டேன்.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? மானியமெல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று அவரிடம் மெல்லக் கேட்டேன். சிரித்தார். அந்த நிலத்தில் பல வருஷத்துக்கு முன்னால் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று ஒரு பழைய பதிவு இருக்கிறதாம். விலை சரிந்தால் அதை வைத்துத்தான் பணம். இப்போது முழுக்க சோயா போட்டிருந்தாலும் ஏட்டில் மக்காச்சோளம் என்றால் மக்காச்சோளக் கணக்குதான். அதுவும் அறுத்த மறு வருஷம் அக்டோபரில்தான் கைக்கு வரும்.

2018இல் சீனாவோடு வரிச் சண்டை வந்தபோது சோயாவுக்கு புஷலுக்கு (இங்கே தானியம் அளக்கும் அளவு) 1.65 டாலர் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் கவுண்டிக்குக் கவுண்டி ஒரு ரேட், ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 வரை. பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் அவர் மச்சினருக்கு வேறு தொகை வந்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாய்க்கால் தகராறு மாதிரி ஆகிவிட்டதாம்.

அவர் உழுவதில் பாதிக்கு மேல் குத்தகை நிலம். மானியம் வருகிற சேதி தெரிந்தால் நிலக்காரர் குத்தகையை ஏற்றிவிடுவார். "பணம் என் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகும்" என்றார். அப்போது எனக்கு அப்பாவின் மொபைலில் வரும் 2,000 ரூபாய் மெசேஜ் ஞாபகம் வந்தது.

பிஎம் கிசான் தொடங்கிய 2019இலிருந்து வருஷம் 6,000, மூன்று தவணை. நம் ஒன்பது மா நிலத்துக்கும் பட்டா அப்பா பெயரில், பணமும் அவருக்கு. சேற்றில் இறங்குகிற குத்தகைக்காரருக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. அப்பா ஒருநாள் அவரிடமே "கவர்மென்ட் பணம் போட்டுட்டான்பா" என்று காட்டினாராம். அவர் உரமூட்டையை இறக்கிக்கொண்டே "நல்லதுங்க ஐயா" என்றிருக்கிறார். அம்மா போனில் சொன்னாள்.

இங்காவது ஒரு ராத்திரி தங்குகிறது.

நான் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும், நீ சொன்னால் கேட்பார். தையில் குத்தகை நெல் அளக்கும்போது 6,000 ரூபாய்க்கு உண்டான மூட்டையைக் கழித்துக்கொள்ளச் சொல்லேன். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரை எடுக்காதே.

வசந்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மேட்டூர் நிலவரம் எழுது.

உன்,
ரவி