கோமதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பெரியவளை விடுதியில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து எதற்கும் கை ஓடவில்லை. வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. சின்னவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காவின் அலமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவளைத் தேற்றத்தான் ‘கிரீமி மாமி’யைப் போட்டேன். கல்லூரி முடித்த புதிதில் உன் அறையில் விடிய விடியப் பார்த்தோமே, அதே ஜப்பான் கார்ட்டூன் தொடர். "எந்த ஊர் மாமிடி இவ?" என்று உன் அம்மா வந்து எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறதா?

இந்த வயதில் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது, கோமதி. மெல்லிய தோசை மாதிரி இனிப்பான ‘க்ரெப்’ விற்கும் கடை வைத்திருப்பவர்களின் பத்து வயது மகள் யூ. அவளைக் கிரீமி மாமி என்ற பெரிய பெண்ணாக, பாடகியாக மாற்றும் மந்திரக்கோல் கிடைப்பது ஒரே ஒரு வருடத்துக்கு. யாரிடமும் சொல்லக் கூடாது. தொடர் 1983 ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிந்தது, மொத்தம் 52 வாரம். கதைக்குள் யூவுக்கு இருந்த அதே ஒரு வருடம்தான் பார்த்த பிள்ளைகளுக்கும் இருந்தது. கடைசி மேடையில் அவள் பாடும்போது ஜப்பானில் எத்தனை குழந்தைகள் தொண்டை அடைத்து உட்கார்ந்திருக்கும்!

அப்போது நமக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அங்கே அது ஐடல் பாடகிகளின், அதாவது ரசிகர்கள் கொண்டாடும் இளம் நட்சத்திரப் பாடகிகளின் காலம். செய்கோ மட்சுதா 1980இல் வந்தார், அகினா நகமோரி 1982இல். யூவுக்குக் குரல் கொடுத்த டக்காக்கோ ஓட்டாவும் நிஜமாகவே ஒரு புதுப் பாடகிதான். தொடரின் தொடக்கப் பாட்டுதான் அவருடைய முதல் இசைத்தட்டு. முதன்முதலாக மைக் முன்னால் நிற்கிற பெண்ணின் குரலில் படபடப்பு கேட்கிறதே, அது நடிப்பில்லை. அந்தப் பாட்டை இப்போது தினமும் கேட்கிறேன்.

அது முடிந்ததும் சின்னவள் விடவில்லை. ‘கிரீமி மாமி’யை எடுத்த பியரோ நிறுவனமே 1998இல் எடுத்த ‘ஃபேன்ஸி லாலா’வைத் தேடிப் பிடித்தேன். 26 அத்தியாயம். இரண்டுக்கும் பாத்திரங்களை வரைந்தது அகேமி தக்காதாதான். அந்தக் கண்களைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். எனக்கு இதுதான் கூடுதலாகப் பிடித்தது. ஒன்பது வயது மிஹோவிடம் ஒரு மந்திர ஓவியப் புத்தகமும் பேனாவும் இருக்கின்றன. அதில் என்ன உடை வரைகிறாளோ அது நிஜமாகிவிடும். பதினைந்து வயது லாலாவாக மாறி மேடைக்கும் விளம்பரத்துக்கும் போகிறாள். ஆனால் வீட்டுக்கு வந்தால் சிசாவின் தங்கை, அவ்வளவுதான். ஊரே கொண்டாடுகிற லாலா தன் வீட்டில்தான் இருக்கிறாள் என்று அந்த அக்காவுக்குத் தெரியாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் பிள்ளைகள் நினைவுதான். பெரியவள் கண்ணுக்கு இவள் என்றைக்கும் பொடிசு. இவளுக்குள் என்னென்ன ஓடுகிறது என்று நமக்கு மட்டும் தெரியுமா என்ன?

இப்போது கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்கச் சட்டைதான் வரைகிறாள். நேற்று ஒன்று காட்டினாள்: பலூன் கை, இடுப்பில் பெரிய முடிச்சு, பாவாடை ஓரத்தில் வரிசையாக நட்சத்திரம். நட்சத்திரங்களை எண்ணி எண்ணி வரைந்திருந்தாள், பதினேழு. "யாருக்குடி?" என்றேன். "அக்கா அளவுக்கு" என்றாள்.

கடைசி மூன்று அத்தியாயங்கள் பாக்கி. அக்கா தீபாவளிக்கு வந்தால்தான் பார்ப்பாளாம், என்னையும் பார்க்க விடவில்லை. அவள் தூங்கியபின் நான் பார்த்துவிட்டேன். அந்தப் புத்தகம் மிஹோவின் கையைவிட்டுப் போய்விடுகிறது, லாலாவும் போய்விடுகிறாள். இருவரையும் இரண்டு பக்கம் உட்கார வைத்துக்கொண்டு அதை எப்படி மறுபடி பார்க்கப் போகிறேனோ தெரியவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் நீ இங்கே வந்துவிடேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. முழங்கால் வலி இப்போது தேவலையா? பதில் போடு.

அன்புடன்,
வசந்தி