மாப்ள, 7 டாலர் கட்டிவிட்டேன்

மாப்ள,

நேற்று மதியம் உன் ஆல்பத்தை வாங்கினேன். எனக்கு ரசீது வந்துவிட்டது. உனக்கும் ஒரு மெயில் வந்திருக்கும், அதில் என் பெயர் இருந்திருக்கும். அதைப் பார்த்ததும் நீ என்ன நினைத்தாய் என்று ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, காலையில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுகிறேனே என்று கோபப்படாதே. உன் போனுக்கு என் அழைப்பு வருவதில்லை. மெயிலுக்குப் பதில் வந்து மூன்று வருஷமாகிறது. நான் இங்கே எழுதுவதை நீ எப்போதாவது படிப்பதாக ஒருவர் சொன்னார். யார் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். நம் கல்லூரிக் குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேராவது இதைப் படிப்பார்கள். அதனால் சில இடங்களில் பட்டும் படாமலும்தான் எழுத முடியும். உனக்குப் புரியும், அது போதும்.

12.30 ஆகட்டும் என்று காத்திருந்தேன். கலிபோர்னியாவில் நள்ளிரவு தாண்டி, மே 2, வெள்ளிக்கிழமை பிறக்க வேண்டும். நீ ஆல்பத்தை விற்கும் இணையப் பாட்டுக் கடையான பேண்ட்கேம்ப் தன் 15 சதவீதப் பங்கை விட்டுக்கொடுக்கும் நாளில்தான் உனக்குக் கட்டுவது என்று ஒரு பிடிவாதம். 7 டாலரில் அந்தப் பங்கு ஒரு டாலர் சொச்சம்தான். இருந்தாலும் அது உன் கைக்கு வரட்டும் என்று நினைத்தேன். முதல் தடவை கார்டு எடுக்கவில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமாக வங்கி ஆப்பில் திறந்துவிட வேண்டுமாம், நான் இதுவரை திறந்ததே இல்லை. அதாவது, இந்த ஐந்து வருஷத்தில் வெளிநாட்டுக் கடை எதிலும் நான் ஒரு பாட்டைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. அதைத் திறந்து, ஓடிபி போட்டு, எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் போனது.

விலைப் பெட்டியில் 7 என்ற எண்ணைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

2020 ஏப்ரல் 30 ராத்திரி. வேளச்சேரி அறை. ஜன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்ட இரண்டு போர்வைகளை நீ இன்னும் கழற்றவில்லை. ஃபேன் ஓடினால் சத்தம் விழும் என்று அந்த மாதம் முழுக்க நிறுத்தி நிறுத்தி வாழ்ந்தோம். கடைசிப் பாட்டு முடிந்துவிட்டதால் அன்றைக்குத்தான் ஃபேனை முழு வேகத்தில் விட்டோம், போர்வை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உன் போன் டேட்டா தீர்ந்து, என் போனின் ஹாட்ஸ்பாட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாய். எம்பி3 கொடுத்தால் அந்தக் கடை வாங்காது, வேவ் மாதிரி தரம் குறையாத பெரிய கோப்பாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு பாட்டு ஏறக் கால் மணி நேரம். எனக்கு அன்றைக்கு மிச்சமிருந்தது ஒரு ஜிபி, அதில் உன் ஒன்பது பாட்டும் ஏறிவிடுமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் ஏறியதும் அந்தப் பெட்டி வந்தது. விலை. நீ 7 என்று தட்டினாய். தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"எவ்வளவுடா போடலாம்?"

7 என்று தட்டிய பிறகுதான் கேட்டாய். உன் மனசில் ஒரு விலை இருந்தது, நான் சரி என்று சொன்னால் போதும் என்று இருந்தாய். இது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. தரையில் சாய்ந்து படுத்தபடி சொன்னேன்: "ஏழு டாலரா? ஐநூறு ரூபாய்க்கு மேல வருதுடா. யாரு வாங்குவா? ஜீரோ போடு. நாலு பேரு கேக்கட்டும் முதல்ல."

நீ ஒன்றும் சொல்லவில்லை. விரல் பேக்ஸ்பேஸ் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் 7 போய் 0 வந்தது. விருப்பப்பட்டவர்கள் கூடுதலாகக் கொடுக்கலாம் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு டிக் போட்டாய். லேப்டாப்பை மூடிவிட்டு, பல்லில் வைத்து விரலால் தட்டி வாசிக்கும் உன் இரும்பு மோர்சிங்கைத் துடைத்து, சுருதிக்காக அதன் நாக்கில் ஒட்டியிருந்த தேன்மெழுகைச் சுரண்டி டப்பாவில் போட்டாய். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் நார்வேயிலிருந்து யாரோ ஒருவர், சும்மாவே கிடைப்பதற்கு 10 டாலர் கொடுத்து வாங்கினார். நீ அந்த மெயிலை மூன்று தடவை எனக்குப் படித்துக் காட்டினாய். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முன்பின் தெரியாத அந்த மனிதர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டது போலவும் இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை.

சரி, இனி நீ கேட்க விரும்பாத பகுதி.

கல்லூரிக் குழுவில் உன் பாட்டெல்லாம் அடங்கிய அந்த ஜிப் கோப்பைப் போட்டபோது உன் ஆல்பம் சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். சும்மா கொடுப்பதைத்தானே நானும் கொடுத்தேன், அதில் திருட்டு எங்கே வந்தது என்று கேட்டேன். நம்மைச் சேர்த்துவைக்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன். மாப்ள, அது பொய். ஜூன் மாதம் உன் ஊரிலிருந்து வந்த அந்தப் போன், அதற்குப் பிறகு நீ விலையை 7 ஆக்கியது, எதற்காக ஆக்கினாய் என்பது, எல்லாம் எனக்குத் தெரியும். உன் வீட்டு விஷயம் என்பதால் அதைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுத மாட்டேன். ஜிப்பை நான் போட்டது ஜூலையில்.

ஏன் போட்டேன் என்றால், குழுவில் ஒருவன் கேட்டான், "லிங்க் அனுப்புடா, கார்டுலாம் இல்ல" என்றான். நான் உன் நண்பன், என்னிடம் இருக்கிறது என்று காட்டிக்கொள்ள ஆசை. சீக்கிரம் போக வேண்டும் என்று ஒன்பது பாட்டையும் 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக, தரம் குறைத்துச் சுருக்கினேன். 38 நிமிடப் பாட்டு 36 எம்பியில் அடங்கிவிட்டது. கூடவே இன்னொரு நினைப்பும் இருந்தது: நாற்பது பேர் கேட்டால் அதில் நாலு பேர் வாங்குவார்கள், உனக்கு நல்லதுதான் நடக்கும் என்று. இதை நான் உண்மையாகவே நம்பினேன். யாரும் வாங்கவில்லை. கையில் இருப்பதை எவன் போய் வாங்குவான்.

அப்புறம் ஸ்பாட்டிஃபையில் போடு, அங்கே போனால்தான் ஆள் வரும் என்று உன்னை நச்சரித்தவனும் நான்தான். இப்போது அங்கே வருஷத்துக்கு 1000 தடவை ஓடாத பாட்டுக்குக் காசே கிடையாது. 2024இல் இருந்து அப்படி. மோர்சிங்கை மட்டும் வைத்துச் செய்த பாட்டு எங்கே 1000 தாண்டும்? நீ பிடிவாதமாகப் போடாமல் இருந்தது சரி. அன்றைக்கு உன்னைத் திமிர் பிடித்தவன் என்று சொன்னேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மன்னித்துவிடு என்று இங்கேயே எழுதி முடித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. நீ செய்ததும் இருக்கிறது.

உன் ஆல்பப் பக்கத்தின் அடியில் நன்றி சொல்லியிருந்தாய். மோட்டார் போடும் நேரத்தை நமக்காக மாற்றிய ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு, மெழுகு கொடுத்த உன் மாமாவுக்கு, அப்புறம் எனக்கு. ஆகஸ்டில் ஒருநாள் பார்த்தேன், மூன்றாவது பெயர் இல்லை. அச்சடித்த கேசட் உறையாக இருந்தால் உன்னால் அப்படி எடுத்திருக்க முடியுமா? உன் மூக்குக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வேர்வை கண்ணில் வடிந்தாலும் துடைக்காமல் நின்றவன் நான். அந்த ஏப்ரல் வெயிலில் குக்கர் விசில் விழக்கூடாது என்று மாதம் முழுக்கச் சோற்றை வடித்துத்தான் ஆக்கினேன். நான் செய்த தப்புக்கு என்னோடு பேசாமல் இரு, அது நியாயம். நடந்த வேலையை நடக்கவே இல்லை என்று ஆக்குவதில் என்ன நியாயம்? இத்தனை வருஷமும் இதை மனசில் வைத்துக்கொண்டு, அதனாலேயே வாங்காமல் இருந்தேன். காரணம் வேறு என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

வாங்க வைத்தது வேறு ஒரு பயம். 2022இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் கம்பெனி பேண்ட்கேம்ப்பை வாங்கியது. அடுத்த வருஷமே சாங்ட்ரேடர் என்ற இசை உரிமக் கம்பெனியின் கைக்குப் போனது, ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு ஒன்று தோன்றியது. நாளைக்கே கடையை மூடிவிட்டாலோ, வெறுத்துப்போய் நீயே பக்கத்தை எடுத்துவிட்டாலோ, உன் ஆல்பம் என்ற பெயரில் ஊரில் மிஞ்சியிருக்கப்போவது நான் சுருக்கிய அந்த 36 எம்பிதான். அதற்கப்புறமும் ஒன்றரை வருஷம் தள்ளிப்போட்டேன். ஆனால் அந்த எண்ணம் விடவில்லை.

நேற்று தரம் குறையாத ஃபிளாக் கோப்பைத் தேர்ந்தெடுத்து இறக்கினேன். 400 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. உன் பக்கத்தில் இலவசமாக ஓடுவதும் 128தானே, அதனால் இத்தனை வருஷமாக எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன். நேற்று ஹெட்போனில் முதல் பாட்டு தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 128இல் உன் விரல் நாக்கை அடிக்கும் இடம் மழுங்கி, 'ஷ்' என்று ஒரு மணல் சத்தமாகத்தான் கேட்கும். இதில் விரல் தட்டுவது தனியாக, இரும்பு அதிர்வது தனியாக, அதற்குப் பின்னால் நீ மூச்சை உள்ளே இழுப்பது தனியாகக் கேட்கிறது. நான்காம் பாட்டில் ஓரிடத்தில் கம்பி பல்லில் லேசாக இடிக்கிறது. அந்த இடத்தில் நீ முகம் சுளித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நேர் எதிரில் நின்றவன் அல்லவா.

ஆறாவது பாட்டின் முடிவு. கடைசி அதிர்வு அடங்கி, ஒன்றுமில்லாமல் மூன்று விநாடி. அப்புறம் மிக மெல்லிசாக ஒரு குரல்: "ஆச்சா?"

என் குரல், மாப்ள.

நான்கு தடவை திரும்பக் கேட்டேன். நான்தான். மைக்கை இறக்கலாமா என்று உன்னிடம் கேட்டிருக்கிறேன். வீட்டில் பழைய 128 கோப்பையும் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன், அந்த இடத்தில் வெறும் கொரகொரப்பு. பெயரை எடுத்த அன்றைக்கு இதையும் வெட்டிவிட்டுப் புதிய கோப்பு ஏற்றியிருக்கலாம், ஐந்து நிமிட வேலை. நீ வெட்டவில்லை. கவனிக்காமல் விட்டாயா, தெரிந்தே விட்டாயா? உன் காது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தண்ணீர்க் குழாய் சொட்டுகிறது என்று மூன்றாவது அறையிலிருந்து எழுந்து வந்தவன் நீ. ஆனால் தெரிந்தே விட்டாய் என்று நினைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

குழுவில் அந்த ஜிப்பை இனி அழித்துப் பயனில்லை, நாற்பது போனுக்குப் போய்விட்டது. வேறு எங்கே யார் ஏற்றியிருக்கிறார்கள் என்று தேடி, என் பெயரில் இருந்த டிரைவ் லிங்க்கை எடுத்துவிட்டேன். குழுவில் உன் பக்கத்தின் முகவரியைப் போட்டு, விலை 7 டாலர், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறக்க வேண்டும் என்று விவரமாக எழுதியிருக்கிறேன். இருவர் கட்டைவிரல் காட்டினார்கள். வாங்கினார்களா என்பது உனக்குத்தான் தெரியும்.

கூடுதலாகக் கட்டலாமா என்று கை போனது. நாற்பது பேருக்கும் கணக்குப் போட்டால் 280 டாலர். அப்படிக் கட்டினால் அது அபராதம் போல, இல்லையென்றால் தர்மம் போல இருக்கும். இரண்டும் உனக்கு வேண்டாம். நீ முதலில் தட்டிய அந்த 7ஐ மட்டும் கட்டினேன். கூட ஒரு வரி எழுத இடம் இருந்தது, அதை வெறுமையாக விட்டேன். அங்கே எழுத வந்ததுதான் இவ்வளவு நீளமாகிவிட்டது.

இன்னொன்று. அறையைக் காலி செய்யும்போது உன் மெழுகு டப்பா என் பையில் வந்துவிட்டது. நீலத் தகர டப்பா, மூடியில் உன் நகக்கீறல். மெழுகு கொஞ்சம் இறுகியிருக்கிறது, விரலில் உருட்டினால் இன்னும் இளகுகிறது. கூரியரில் போடவா, நேரில் கொண்டுவரவா?