அம்மாயியின் நோட்டைப் படிக்க உதவியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) நடத்திய சாப்பாட்டு விடுதியின் கதையை ஒருவழியாகச் சின்னப் புத்தகமாக அச்சடித்துவிட்டோம். முன்னுரையில் இரண்டு வரி நன்றி போட்டால் போதும் என்றான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை.

பவானிசாகர் அணை வேலை 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்தது. டணாயக்கன் கோட்டை தண்ணீருக்குள் போனபோது எங்கள் தோட்டமும் சேர்ந்தே போனது. நஷ்டஈட்டுக் காகிதத்தில் இருப்பது பெரிய அப்புச்சியின் (தாத்தாவின் அண்ணன்) பெயர் மட்டும்தான். புருஷனை இழந்து இரண்டு பெண் குழந்தைகளோடு நின்ற அம்மாயி, அணை வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். திண்ணையில் படுக்கை, உள்ளே சாப்பாடு. வந்து தங்கியவர்கள் ஓவர்சீயர், கிளார்க், லாரி டிரைவர். ரேஷன் காலம் வேறு. 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுக்கும்வரை அரிசிக்குத் திண்டாட்டம்தான். அதனால் பாதி நாள் ராகிக் களியும் கொள்ளுப்பருப்பும். களி தொண்டையில் இறங்காத வெளியூர்க்காரர்களுக்கு, மெல்லாமல் விழுங்க அம்மாயியே சொல்லிக்கொடுப்பாராம்.

இவ்வளவும் வாய்வழியாக வந்ததுதான். எழுத்தில் ஏதாவது கிடைக்குமா என்று ஓர் அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்தேன். நான்கு தடவையும் "நாளைக்கு வாங்க" என்றார்கள். சரி, அதை விடுங்கள்.

முதல் நன்றி, அம்மாயியோடு அடுப்படியில் நின்று வேலை செய்தவரின் மகளுக்கு. அக்கா, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் அந்தக் கணக்கு நோட்டு இத்தனை வருடம் இருந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, தலையில் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறார்: மூக்குக்கண்ணாடி, குடை, பூட்ஸ், ஒரு பக்கத்தில் வெறும் மீசை. கீழே வரிசையாகப் பென்சில் கோடுகள். நீளக் கோடு சாப்பாடு, குட்டைக் கோடு பலகாரம், சுழி போட்டிருந்தால் காய்ச்சலில் படுத்த நாள். அன்றைக்குக் கஞ்சி, காசு கிடையாது. இதை நீங்கள் விளக்கியிருக்காவிட்டால் ஏதோ கோலம் என்று நினைத்து மூடி வைத்திருப்போம்.

"அம்மாயி யாரிடமும் காசு கேட்டதே இல்லை" என்று எங்கள் குடும்பத்தில் பெருமையாகச் சொல்வார்கள். நோட்டு அப்படிச் சொல்லவில்லை. பாக்கி வந்த கோடுகளை ஒன்றுவிடாமல் அடித்திருக்கிறார். எனக்கென்னவோ இந்த அம்மாயியைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. காசு வாங்காமல் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்திருக்க முடியுமா?

விடுதியில் தங்கியிருந்த ஒருவரின் மகளான, திருச்சியிலிருந்து பேசிய அம்மாவுக்கு என்ன சொல்ல? குடைப் படத்தைப் போனில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டு, "இது எங்கப்பாதான், வெயில்லயும் குடை இல்லாம போகமாட்டார்" என்றீர்கள். அப்புறம் உங்கள் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் போட்டோவையும் அனுப்பினீர்கள். அதில் கதவோரம் பாதி முகமும் ஒரு கையும் தெரிகின்றன. அம்மாயியின் படமென்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அந்த வீடு இருந்த இடத்தை, முழங்கால் வலியோடு நடந்து வந்து காட்டிய ஓய்வுபெற்ற லஸ்கர் (மதகு, வாய்க்கால் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) ஐயாவுக்கும், அன்று எங்கள் ஆறு பேருக்கும் டீ கொடுத்துக் காசு வாங்க மறுத்த கடைக்காரருக்கும் நன்றி. (அம்மாயியாக இருந்தால் வாங்கியிருப்பார்.)

புத்தகத்தைத் தபாலில் அனுப்புவதாக இல்லை. தை மாதம் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். களியும் கொள்ளுப்பருப்பும் உண்டு, பயப்படுகிறவர்களுக்குச் சோறும் உண்டு. தகரப் பெட்டி அக்கா, நோட்டை அன்று உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறேன். திருச்சி அம்மா, உங்கள் அப்பா பக்கத்தில் அடிக்காமல் ஏழு கோடு நிற்கிறது. காசு கொண்டுவர வேண்டாம், குடையைக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
அம்மாயியின் மூத்த பேத்தி