சாய்ந்து நின்றாலும் சதுரம் சதுரம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்தும் ஆசிரியை. கணிதம் ஏன் மாணவர்களுக்குக் கசக்கிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் பின்னங்களும் இயற்கணிதமும்தான் அடிபடுகின்றன. வடிவியலைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. படத்தை ஒழுங்காகப் போட்டு, அளவுகளைக் குறித்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும் என்பதால் அதை எளிதான பகுதி என்று வைத்துவிட்டோம். ஆனால் ஒன்பது, பத்தாம் வகுப்பில் தேற்றங்கள் வரும்போது பிள்ளைகள் திணறுவதற்கான விதை இந்த எளிதான பகுதியில்தான் விழுகிறது. அந்த விதை நாம் காட்டும் படங்களில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

பாடப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சதுரம் எப்போதும் தரையில் வைத்த பெட்டி போலத் தட்டையாக உட்கார்ந்திருக்கும். செங்கோண முக்கோணத்தின் செங்கோணம் இடது கீழ்மூலையிலேயே இருக்கும். இணைகோடுகள் படுக்கையாகவே ஓடும். முக்கோணத்தின் அடிப்பக்கம் கீழேதான், உயரம் நட்டுக்குத்தாகத்தான். கரும்பலகையிலும் நாங்கள் அப்படியே வரைகிறோம், வினாத்தாளிலும் அப்படியே கேட்கிறோம். மூன்று ஆண்டுகள் ஒரே நிலையில் படத்தைப் பார்க்கும் பிள்ளை, அந்த நிலையும் வடிவத்தின் இலக்கணத்தில் ஒரு பகுதி என்றுதான் எடுத்துக்கொள்ளும். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

சந்தேகம் இருப்பவர்கள் வீட்டில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் சோதித்துப் பார்க்கலாம். ஒரு சதுர அட்டையை நேராகப் பிடித்து இது என்ன என்று கேளுங்கள். 'சதுரம்' என்று உடனே பதில் வரும். அதே அட்டையை, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மூலை கீழே வருமாறு திருப்பிக் கேளுங்கள். 'சாய்சதுரம்' என்றோ 'டைமண்ட்' என்றோ சொல்லும். கையில் இருப்பது அதே அட்டை, ஒரு பக்கம்கூட மாறவில்லை. இந்தப் பதிலைச் சொல்லும் பிள்ளைகளில் பலர் 'நான்கு பக்கங்களும் சமம், நான்கு கோணங்களும் செங்கோணம்' என்று வரையறையைத் தடங்கலின்றி ஒப்பிப்பவர்கள். வரையறை ஒரு பக்கம் இருக்கிறது, கண்ணில் பதிந்த படம் இன்னொரு பக்கம் இருக்கிறது. இரண்டும் சந்தித்ததே இல்லை.

இதை ஆராய்ந்து எழுதியவர்கள் நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே கெல்டாஃப் என்ற தம்பதி. இருவரும் பள்ளியில் பாடம் நடத்தியவர்கள். 1957-இல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இருவரும் முனைவர் பட்டத்துக்காக எழுதிய ஆய்வுகளிலிருந்துதான், வடிவியல் சிந்தனை படிப்படியாக வளர்கிறது என்ற கருத்து உலகுக்குக் கிடைத்தது. முதல் படியில் பிள்ளை வடிவத்தை மொத்தத் தோற்றத்தால் அடையாளம் காண்கிறது. அடுத்த படியில் பக்கங்கள், கோணங்கள் என்று பண்புகளைப் பார்க்கிறது. அதற்கும் அடுத்துத்தான் ஒரு பண்பு இன்னொன்றிலிருந்து எப்படி வருகிறது என்று யோசிக்கிறது. சதுரமும் ஒரு செவ்வகமே என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும். ஆசிரியர் மூன்றாம் படியில் நின்று பேச, மாணவர் முதல் படியில் நின்று கேட்டால் இருவரும் ஒரே சொற்களைப் பயன்படுத்தினாலும் பேச்சு எட்டாது. வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும். வயது ஏறினால் தானாக அடுத்த படிக்கு ஏறிவிட முடியாது, பாடம் நடத்தும் முறைதான் ஏற்ற வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். நம் பாடத்திட்டமோ முதல் படியில் நிற்கும் பிள்ளையிடம் வரையறையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறது.

சரி, என்ன செய்யலாம்? படத்தைத் திருப்புங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்தால் கூடவே நிறைய வந்து சேரும்.

கட்டம் போட்ட தாளில் நான் செய்ய வைக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி 2 கட்டம் வலப்புறம், 1 கட்டம் மேலே போய்ப் புள்ளி வைக்கச் சொல்வேன். அங்கிருந்து 1 இடப்புறம், 2 மேலே. பிறகு 2 இடப்புறம், 1 கீழே. கடைசியாக 1 வலப்புறம், 2 கீழே. தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். புள்ளிகளை இணைத்தால் சாய்ந்த நிலையில் ஒரு நாற்கரம். இது என்ன என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். சிலர் இணைகரம் என்பார்கள், சிலர் சாய்சதுரம் என்பார்கள். விடையை நான் சொல்வதில்லை. ஒரு வெற்றுத் தாளின் மூலையைக் கொண்டுபோய் ஒவ்வொரு மூலையிலும் பொருத்திப் பார்க்கச் சொல்வேன். நான்கும் பொருந்தும். பக்கங்களை அளந்தால் நான்கும் சமம். 'அப்ப இது சதுரமா மிஸ்?' என்று ஒரு குரல் எழும். அந்தக் கேள்வி வந்தால் எனக்கு அன்றைய பாடம் முடிந்த மாதிரி.

அங்கே நிறுத்தாமல், இந்தச் சதுரத்துக்குள் எத்தனை கட்டம் இருக்கிறது என்று கேட்பேன். சாய்வாக வெட்டுப்பட்ட கட்டங்களை எண்ண முடியாமல் தவிப்பார்கள். சுற்றிலும் ஒரு நேரான பெரிய சதுரம் போட்டுப் பார்க்க யாராவது ஒருவருக்குத் தோன்றிவிடும். அது 3-க்கு 3, மொத்தம் 9 கட்டம். நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரி நான்கு முக்கோணங்கள் மிஞ்சும். ஒவ்வொன்றும் 2-க்கு 1 செவ்வகத்தில் பாதி, அதாவது 1 கட்டம். 9-இல் 4 போனால் 5. 2-இன் வர்க்கம் 4, 1-இன் வர்க்கம் 1, இரண்டும் சேர்ந்தாலும் அதே 5. பிதாகரஸ் தேற்றத்தின் பெயரையே கேள்விப்படாத பிள்ளை, அந்தத் தேற்றத்தின் வாசலில் தன் காலால் நடந்து வந்து நிற்கிறது. தட்டையாக உட்கார்ந்த சதுரத்தை வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வர முடியாது.

கோணமானியிலும் இதே கதைதான். 50 டிகிரி கோணத்தை 130 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. கோணமானியில் உள்வட்டம், வெளிவட்டம் என இரண்டு வரிசை எண்கள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. எதைப் படிப்பது என்பதற்கு நாம் ஒரு சூத்திரம் சொல்லித் தருகிறோம். கோணத்தின் கதிர் இடப்பக்கம் திரும்பினால் சூத்திரம் குழம்பிவிடுகிறது. அளப்பதற்கு முன்பே இது செங்கோணத்தைவிடச் சிறியதா, பெரியதா என்று சொல்லப் பழக்கினால் போதும். சிறியது என்று கண் சொன்ன பிறகு 130 என்று கை எழுதாது. கீழ்நோக்கித் திறந்த கோணம், பக்கவாட்டில் திறந்த கோணம் என்று எல்லாத் திசைகளிலும் கொடுத்து, நோட்டைத் திருப்பி அளக்காமல் கோணமானியைத் திருப்பி அளக்கச் சொல்ல வேண்டும். கதிர்களை நீளமாக வரைந்தால் கோணம் பெரிது என்று நினைக்கும் பிள்ளைகளும் நிறைய. அவர்களுக்குக் கோணம் என்பது ஒரு சுழற்சி என்று முதலில் காட்ட வேண்டும். கடிகாரத்தின் பெரிய முள் 5 நிமிடத்தில் 30 டிகிரி திரும்புகிறது. கைக்கடிகாரமானாலும் மணிக்கூண்டுக் கடிகாரமானாலும் அதே 30 டிகிரிதான்.

முக்கோணத்தின் பரப்பளவுக்கு வருவோம். அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கி அதில் பாதி. இது தெரியாத எட்டாம் வகுப்புப் பிள்ளை இல்லை. ஆனால் முக்கோணத்தைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்துப் பாருங்கள், உயரம் எது என்று தெரியாமல் சாய்ந்த பக்கத்தையே உயரமாக எடுத்துப் பெருக்குவார்கள். இதற்கு 13, 14, 15 செ.மீ. பக்கங்களைக் கொண்ட முக்கோணத்தைக் கவராயத்தால் வரைந்து அட்டையில் வெட்டச் சொல்வேன். மூலைமட்டத்தை வைத்து மூன்று பக்கங்களுக்கும் மூன்று குத்துயரங்களை வரைந்து அளக்க வேண்டும். 14-ஐ அடிப்பக்கமாக வைத்தால் உயரம் 12. 15-ஐ வைத்தால் 11.2. 13-ஐ வைத்தால் ஏறக்குறைய 12.9. எப்படிக் கணக்கிட்டாலும் பரப்பளவு 84 சதுர செ.மீ.; கடைசியில் மட்டும் அளவில் விட்டுப்போன சின்ன பின்னத்தால் ஒரு நூலளவு குறையும். எந்தப் பக்கமும் அடிப்பக்கமாகலாம் என்பதை நான் வாயால் சொல்லத் தேவையே இல்லை. அட்டையைத் திருப்பித் திருப்பி அளந்த கைக்கு அது தெரிந்துவிடுகிறது.

காகிதத்தை மடிக்கச் சொன்னால் நேரம் வீணாகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1893-லேயே சென்னையில் டி. சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பை மட்டுமே கருவியாகக் கொண்டு வடிவியல் பயிற்சிகளை எழுதி நூலாக வெளியிட்டார்; ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைப் பாராட்டிக் குறிப்பிட்டபின் உலகம் முழுவதும் அதற்கு வாசகர்கள் கிடைத்தார்கள். ஒரு சதுரத் தாளை இடம் வலமாகப் பாதியாக மடித்துப் பிரியுங்கள், நடுவில் ஒரு கோடு விழும். கீழ் இடது மூலையை விரலால் அழுத்திக்கொண்டு, கீழ் வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் படும்படி மடியுங்கள். பட்ட இடத்தில் புள்ளி வைத்துத் தாளைப் பிரித்து, கீழ் இரு மூலைகளோடும் அந்தப் புள்ளியை இணைத்தால் சமபக்க முக்கோணம். ஏன் மூன்று பக்கங்களும் சமம்? கீழ் விளிம்பையே தூக்கி மடித்ததால் ஒரு பக்கம் அதன் நீளம்தான். புள்ளி நடுக்கோட்டில் இருப்பதால் இரண்டு மூலைகளுக்கும் சம தூரம். இந்த இரண்டு வாக்கியங்களைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டால் அது ஒரு முழு நிரூபணம்.

நிரூபணத்தின் தேவையைப் பிள்ளைகள் உணரமாட்டார்கள் என்று சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒட்டவைத்து நேர்கோடு வருகிறது பார் என்று காட்டுவது எல்லோரும் செய்வது. ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, '179 டிகிரி இல்லைன்னு எப்படித் தெரியும் மிஸ்? ஒட்டினதுல கொஞ்சம் இடைவெளி இருக்கே' என்று கேட்டாள். அதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. கிழித்துக் காட்டுவது நம்ப வைக்கும், உறுதி செய்யாது. ஒரு முனை வழியாக எதிர்ப்பக்கத்துக்கு இணையாகக் கோடு வரைந்தால் ஒன்றுவிட்ட கோணங்கள் (இணைகோடுகளுக்கு இடையே, அவற்றை வெட்டும் கோட்டின் இருபுறமும் எதிரெதிராக அமையும் கோணங்கள்) சமம் என்பதிலிருந்து 180 வந்துதான் தீரும். யூக்ளிட் காலம் தொட்டு இருக்கிற வழி அது. ஆனால் இணைகோடுகளைப் படுக்கையாக மட்டுமே பார்த்த பிள்ளைக்கு, முக்கோணம் சற்றுத் திரும்பியிருந்தால் அந்த ஒன்றுவிட்ட கோணங்கள் கண்ணில் படாது. எனவே இங்கேயும் படத்தைத் திருப்பிப் பழகியிருக்க வேண்டும்.

கணினி வசதி உள்ள பள்ளிகளில் ஜியோஜீப்ரா போன்ற இலவச மென்பொருளில் முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுக்கும்போது படம் மாறியும் கோணங்களின் கூட்டல் மாறாமல் நிற்பதைப் பார்க்கலாம். நல்லதுதான். அதற்கு முன் கையில் தாளும் கவராயமும் ஒரு வருடமாவது புழங்கியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வரையறை ஒப்பிக்கிறதா என்று பிள்ளையைச் சோதிக்காதீர்கள். 'இது சதுரம்னு எப்படிச் சொல்றே?' என்று கேளுங்கள். பதில் தப்பாக இருந்தாலும் காரணத்தை முழுக்கக் கேட்டு முடியுங்கள். அப்புறம் அளவுகோலைக் கையில் கொடுங்கள்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் பாடப் புத்தகத்துக்குப் படம் வரைபவர்களுக்கும் நான் கேட்பது காசு செலவில்லாத ஒன்று. ஒவ்வொரு வடிவத்தையும் குறைந்தது இரண்டு மூன்று நிலைகளில் காட்டுங்கள். செங்கோணத்தை மேலே கொண்டு போங்கள், அடிப்பக்கத்தைச் சாய்த்து வையுங்கள். விரிகோண முக்கோணத்தின் குத்துயரம் முக்கோணத்துக்கு வெளியே விழுவதையும் காட்டுங்கள். வடிவத்தின் பெயரை எழுது என்று கேட்கும் இடத்தில் 'ஏன்?' என்று ஒரு வரி சேர்த்து அதற்கும் ஒரு மதிப்பெண் கொடுங்கள். வினாத்தாளில் வருவதைத்தான் வகுப்பறையில் நடத்துவோம் என்பது எல்லோருக்கும் தெரிந்த நிலவரம், அதனால் மாற்றம் அங்கே தொடங்கினால் எங்களுக்கும் துணிச்சல் வரும்.

தங்கள் நாளிதழ் மாணவர்களுக்காக மாதிரி வினாத்தாளோ கணிதப் பயிற்சியோ வெளியிடும்போது, அதில் ஒரு படத்தையாவது திருப்பி அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நடுநிலை வகுப்புக் கணித ஆசிரியை