‘டீயா, காபியா?’ என்று தீர்ப்பு எழுதும் நலவாழ்வுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். டீ நல்லதா, காபி நல்லதா என்ற கட்டுரை உங்கள் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு முறை டீ வெல்கிறது. அடுத்த முறை காபி. இந்தப் பட்டிமன்றத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். குடிப்பவர் யார், எப்போது குடிக்கிறார், எப்படித் தயாரித்துக் குடிக்கிறார் என்பதை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் சொன்னால், அதை நம்பும் சிலருக்கு அது தீங்காகவே முடியும்.

ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். சாப்பிட்ட கையோடு இரும்புச்சத்து மாத்திரையை வாயில் போட்டு, பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும் டீயாலேயே விழுங்கிவிடுகிறார். டீயில் உள்ள பாலிபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் அந்த இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. ரத்தத்தில் சேர்வது குறைந்துபோகிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே என்று அவர் கவலைப்படுகிறார். 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த காபி இரும்பு உறிஞ்சப்படுவதை 39 சதவீதமும், டீ 64 சதவீதமும் குறைத்தன. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபியால் பாதிப்பில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ, உணவோடு குடித்த அதே அளவுக்குப் பாதிப்பு இருந்தது. நீங்கள் ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்று கொண்டாடுவதும் இதே பாலிபீனால்களைத்தான். கொண்டாடுங்கள், அந்தப் பெண்ணுக்காகவும் ஒரு வரி எழுதுங்கள். தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தூக்கத்தைக் கலைக்கும் கஃபீன். 240 மில்லி காபியில் ஏறத்தாழ 95 மில்லிகிராம், அதே அளவு டீயில் அதில் பாதி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400, கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கூறியது. உடலுக்குள் போன கஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அது பன்மடங்கு நீளும். மாலையில் குடித்த காபி நள்ளிரவிலும் உடம்பில் இருக்கும்போது, தூக்கமில்லாமல் தவிப்பவரிடம் ‘காபி கல்லீரலுக்கு நல்லது’ என்று சொல்லி என்ன பயன்?

தயாரிக்கும் முறையைப் பற்றி யாருமே எழுதுவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம். காபிக் கொட்டையில் உள்ள கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் கெட்ட கொழுப்பை உயர்த்துகிறது. காகித வடிகட்டி அதைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும். பொடியோடு சேர்த்துக் கொதிக்கவைத்த காபியில் அது அப்படியே தங்கிவிடும். சூட்டைப் பற்றியும் யாரும் எழுதுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் காபியைப் புற்றுநோய் ஐயப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனால் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அப்போதே எச்சரித்தது. ஆவி பறக்க வாயில் ஊற்றிக்கொள்பவருக்கு, கோப்பையில் இருப்பது டீயா காபியா என்பது இரண்டாம் கேள்வி.

நன்மைகளை நான் மறுக்கவில்லை. காபி குடிப்பவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகக் காணப்படுகிறது. கஃபீன் நீக்கிய காபியிலும் இதே போக்கு தெரிவதால், கஃபீனுக்கே முழுப் பெருமையையும் தர முடியாது. பிரிட்டனில் சுமார் ஐந்து லட்சம் பேரிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. தினமும் இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ டீ குடித்தவர்களிடம் இறப்பு அபாயம் 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் இவையெல்லாம் மக்களைக் கவனித்து எழுதியவை. குடித்ததால்தான் குறைந்தது என்று இவற்றைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. நீங்களோ தலைப்பிலேயே ‘ஆயுள் கூடும்’ என்று போட்டுவிடுகிறீர்கள்.

அடுத்த முறை இந்தக் கட்டுரையை வெளியிடும்போது, வெற்றி தோல்விப் பெட்டிக்கு ஒதுக்கும் இடத்தை ரத்தசோகை உள்ளவர், கர்ப்பிணி, தூக்கம் வராதவர், கொழுப்பு கூடியவர் ஆகிய நால்வருக்கும் தனித்தனியாக என்ன நேரம், என்ன அளவு என்று எழுதக் கொடுங்கள். கோப்பையில் போடும் சர்க்கரையின் அளவையும் மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்