இப்போதைக்கு மேலே ஏறாதே

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

நீ குதிரை வாங்கியது உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தை வரைக்கும் வந்தவன், அங்கிருந்து பஸ் ஏறினால் கோபி எவ்வளவு தூரம்? கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். தரகர் சொன்னதை நம்பி வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக வண்டியேற்றித் தேன்கனிக்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டாய். வருத்தம்தான். சொல்லிவிட்டேன், இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

குட்டி அழகாக இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிறது. மார்வாரி ரத்தம் இருக்கிறது. முன்னங்கால்கள் நேராக இறங்குகின்றன, முட்டி உள்வாங்கவில்லை. அத்தனை கூட்டத்தில் இதைத் தேர்ந்தெடுத்தாயே, கண் இருக்கிறது உனக்கு. அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீடியோவை என் போனில் வாங்கி வாங்கிப் பார்க்கிறார். சுழி சுத்தம் என்று தரகர் சொன்னாராமே. சுழி இருக்கட்டும் கண்ணு, குளம்பைத் தூக்கிப் பார்த்தாயா? நெற்றிச் சுழிக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்துவிட்டு, அழுகின குளம்போடு வீட்டுக்குக் கூட்டி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். அது மேலே நீ ஏறி உட்கார்ந்திருக்கிறாய். சேணம்கூட இல்லாமல் தோட்டத்தைச் சுற்றி வருகிறாய். நாலு வயது என்று தரகர் சொன்னதாக எழுதியிருந்தாய். நீ அனுப்பிய இன்னொரு போட்டோவில் அவரே உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அதைப் பெரிதாக்கிப் பார். கீழ்வரிசையில் நடுவில் உள்ள இரண்டு பல் மட்டும்தான் அகலமாக, கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவை எல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் பால்பல். நடு ஜோடி விழுந்து முளைப்பது இரண்டரை வயதில். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். ஐந்து வயதில்தான் வாய் நிறையும். மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது, குதிரைக்கு உண்டு. அதனால் மேல்வரிசையையும் பார்த்துச் சரிபார்க்கலாம். அந்தக் குட்டிக்கு மூன்றரை வயதுகூட ஆகவில்லை. தரகர் பொய் சொன்னார் என்று சண்டைக்குப் போகாதே. சந்தையில் வயது சொல்வது அப்படித்தான்.

முட்டிக்கு மேலே எலும்பு வளரும் இடம் இரண்டரை வயதுவாக்கில் மூடிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் "கால் கெட்டிப்பட்டுவிட்டது, ஏறலாம்" என்பார்கள். முதுகெலும்பு அப்படியில்லை, ஐந்தரை வயது வரைக்கும் வளரும். ஆண் குதிரைக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகும். நீ உட்காருவது முதுகில்தானே, காலில் இல்லையே.

கணக்கு வேண்டுமென்றால் போடு. தையல் டேப் எடுத்து முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை சென்டிமீட்டரில் அள. தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரைக்கும் நீளம் அள. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகு. கிலோ வரும். வளரும் குட்டிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். போட்டோவைப் பார்த்து நான் நினைப்பது சுற்றளவு 150, நீளம் 145. 275 கிலோ வருகிறது. நன்றாக வளர்ந்த குதிரையே தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது, சேணத்தையும் சேர்த்து. 275-க்கு அது 55 கிலோ. உன் எடை என்ன என்று நான் எழுத வேண்டாம். பொங்கலுக்கு வந்தபோதே சட்டைப் பட்டன் போடவில்லை.

அதனால் ஏறாதே. நாலு வயது ஆகட்டும். அப்புறமும் முதலில் பத்து நிமிஷம், நடை மட்டும்.

அதுவரைக்கும் சும்மா கட்டிப்போட்டு வைக்கச் சொல்லவில்லை. குதிரையைப் பழக்குவதில் முக்கால்வாசி வேலை தரையில் நின்றே நடக்கிறது. தலைக்கயிறு மாட்ட விடுவது, கூட நடப்பது, நில் என்றால் நிற்பது, பின்னால் நகர்வது, நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கக் கொடுப்பது. நீ கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தால் அதுவும் இழுக்கும். அதன் பலம் உனக்கு வராது. லேசாக ஓர் அழுத்தம் கொடு. அது ஓர் அடி எடுத்து வைத்ததும், அந்த நொடியிலேயே கயிற்றைத் தளர்த்து. அந்தத் தளர்ச்சியில்தான் அது கற்றுக்கொள்கிறது. இரண்டு நொடி தாமதித்தால் எதற்காகத் தளர்த்தினாய் என்று அதற்குப் புரியாது. ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போதும். நன்றாகச் செய்யும்போதே நிறுத்திவிடு, அது முரண்டு பிடிக்கிற வரைக்கும் போகாதே. நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிட்டு வீடியோ எடுக்கிறார்களே, சின்ன வட்டம் இந்த வயதில் மூட்டைக் கெடுக்கும்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே. விரலே போய்விடும். மடித்துப் பிடி. கட்டும்போது அதன் தோள்மேட்டு உயரத்துக்குக் கட்டு, ஓர் இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடு. பக்கத்தில் போகும்போது இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போ. நேர் பின்னால் நிற்பது அதற்குத் தெரியாது, மூக்குக்கு நேர் முன்னாலும் தெரியாது. பின்பக்கமாகச் சுற்ற வேண்டுமென்றால் ஒன்று உதை எட்டாத தூரத்தில் சுற்று, இல்லையென்றால் இடுப்பில் கை வைத்தபடி ஒட்டிப் போ. நடுவில் நிற்பதுதான் ஆபத்து. சின்னவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாயா? அவன் ஓடி ஓடிப் போவானே. ஹெல்மெட் இல்லாமல் அவனைக் கிட்டேயே விடாதே.

சின்னவன் அந்த வீடியோ எதிலும் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

போன வாரம் பவானியில் ஒரு கல்யாணத்தில் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். பேச்சுவாக்கில், சின்னவனை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறது என்றும், ஆட்டோ வீட்டு வாசலுக்கே வருகிறது என்றும் சொன்னார். எல்லாம் தெரிந்தவளாகத் தலையாட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது. கோடை விடுமுறைக்குத்தானே போனார்கள் என்று நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல்.

ஒற்றைக் குதிரையாக வைத்திருக்காதே. கூட்டத்தில் வாழப் பிறந்தது அது. தனியாக நின்றால் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கும், கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்கும், சரியாகப் படுத்துத் தூங்காது. குதிரை நின்றபடி கண்ணயரும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும், பக்கத்தில் காவலுக்கு ஒன்று இருந்தால்தான் நம்பிப் படுக்கும். இன்னொரு குதிரை வாங்கச் சொல்லவில்லை, உள்ள செலவே போதும். இரண்டு வெள்ளாடு வாங்கிக் கட்டு. கண்ணெதிரே இன்னோர் உயிர் நடமாடினால் ஓரளவு அடங்கும். ராத்திரி நீ எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்? ஸ்டேட்டஸ் எல்லாம் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் போட்டிருக்கிறாய்.

தீவனத்துக்கு வருகிறேன். தவிட்டை வாளி வாளியாக வைக்காதே. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. அதையே தின்று வளரும் குட்டிக்கு எலும்பு சத்தில்லாமல் போய் மூஞ்சி வீங்கும். கொள்ளு நல்லது, ஆனால் ஊறவைத்து வேகவைத்து, ஒரு படிக்குள். மீதியெல்லாம் புல்லும் காய்ந்த புல்லும்தான். 275 கிலோ என்றால் நாளைக்கு ஐந்தரைக் கிலோ காய்ந்த தீவனம், நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடு. வயிறு சின்னது. வைக்கோலை மட்டும் போட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும். இளம் சோளப்பயிர் பக்கமே விடாதே.

எல்லாவற்றையும் விட, உன் கோழிக் கொட்டகை. கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமலிருக்க மொனன்சின் மாதிரி ஒரு மருந்து கலந்திருப்பார்கள். கோழிக்கு அது ஒன்றும் செய்யாது. குதிரைக்கு இதயத்தைப் பிடிக்கும், கொஞ்சம் தின்றாலே சாகும். மூட்டையைக் கதவு வைத்த அறையில் வை, அள்ளும் படியைக்கூட மாற்றிப் போடாதே. தோட்டத்து ஆளிடமும் சொல்லு.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் போக வேண்டும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலும், முன்காலால் தரையைப் பறித்தாலும், படுத்து உருண்டாலும், சாணி போடாமலிருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. தீவனத்தை எடுத்துவிட்டு, கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு போன் அடி. அதுவும் தாமதமானால் பெங்களூர் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி உனக்கு நாமக்கல்லை விடப் பக்கம். எந்த வண்டி வரும் என்று இப்போதே பேசி வை.

டெட்டனஸ் ஊசி போட்டாயா? ஆடு மாட்டை விடக் குதிரைக்கு அது சீக்கிரம் பிடிக்கும், ஒரு துருப்பிடித்த ஆணி போதும். கிளாண்டர்ஸுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்த சீட்டு ஏதாவது தரகர் கொடுத்தாரா? இல்லையென்றால் டாக்டரை வரவழைத்து எடுக்கச் சொல். அது மனிதருக்கும் வரும் நோய். காயடிப்பதையும் அவரிடமே கேள். மயக்க மருந்து கொடுத்து, அறுவை செய்து, ஈத்தொல்லை இல்லாத குளிர் மாதத்தில். ஊரில் யாராவது பழைய முறையில் செய்கிறேன் என்று வந்தால் அனுப்பிவிடு. ஆணாகவே வைத்துக்கொள்கிறேன் என்று வீராப்பு பேசாதே. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெட்டைக் குதிரை வந்தால் வேலி நிற்காது. குளம்பை ஆறு, எட்டு வாரத்துக்கு ஒரு தரம் செதுக்க வேண்டும். இப்போதைக்கு லாடம் வேண்டாம்.

மத்திகிரிப் பண்ணைக்குப் பயிற்சிக்குப் போனபோது உன்னையும் கூட்டிப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளத்துக் குதிரைகளுக்காகத் தொடங்கிய இடம். நான் போனபோது எங்கே பார்த்தாலும் மாடுதான். குதிரை எங்கே, குதிரை எங்கே என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாய். இப்போது அதே ஓசூர்ப் பக்கம் சொந்தமாகவே வாங்கிவிட்டாய். பெருமையாகத்தான் இருக்கிறது. அலுவலகத்தை விட்டுவிட்டுத் தோட்டமே கதி என்று இருப்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை, அதையும் நான் கேட்கவில்லை.

இங்கே சேதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. தென்னைக்குக் காண்டாமிருக வண்டு.

தீபாவளிக்கு வருகிறாயா என்று கேட்டால், குதிரையை யாரிடம் விடுவது என்பாய். அது நியாயம்தான். அதனால் நானே வருகிறேன். அப்பாவுக்குப் பெரியம்மா வீட்டில் சாப்பாடு சொல்லியாயிற்று. டேப், தெர்மாமீட்டர், குடற்புழு மருந்து எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். நான் வரும் வரைக்கும் மேலே ஏறாதே. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்து வா. வீட்டில் அரிசி பருப்பு இருக்கிறதா, ஒருத்தருக்குச் சமைக்கிற பாத்திரம்தான் இருக்கிறதா என்பதை மட்டும் போனில் சொல்லு, அதற்குத் தகுந்தாற்போல் கட்டி எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
அம்மா